பெட்டியில் அச்சிட்ட எண்ணும் நெகட்டிவில் உள்ள கூர்மையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றி வைப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனாலும் அதில் இரண்டு வரிகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அதிக டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) உள்ள ஸ்கேனராகப் பார்த்து வாங்குங்கள் என்பது ஒன்று. ஸ்கேன் செய்து முடித்த பிறகு பூஞ்சை பிடித்த நெகட்டிவ்களை வைத்துக்கொண்டு இடத்தை அடைக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதல் வரியை நம்பியவருக்குப் பணம் போகும். இரண்டாவதையும் சேர்த்து நம்பியவருக்குப் படமே போகும். பாம்பனில் 1976 முதல் 2009 வரை ஸ்டூடியோ நடத்தியவன் நான். கடந்த மூன்று ஆண்டுகளாக என் நெகட்டிவ்களை நாலைந்து வகைக் கருவிகளில் மாற்றி மாற்றி ஸ்கேன் செய்து பார்த்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கரையில் நெகட்டிவைக் காப்பாற்றுவது உப்புக்காற்றோடு போடும் மல்லுக்கட்டு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊர் ஸ்டூடியோக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எமல்ஷன் பக்கத்தில், அதாவது படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சில், பூஞ்சை வேர்விட்டுப் படரும். தகரப் பெட்டி துருப்பிடித்து அந்தத் துரு உறைக்குள் இறங்கும். அசிடேட் அடித்தளம் கொண்ட பழைய பிலிமில் காடி வாசனை எழும். வாசனை வந்துவிட்டால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். எனவே ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்பதில் கட்டுரையாளரோடு எனக்கு முழு உடன்பாடு. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியும், 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை ரயிலை நம்பியே இருந்த தீவின் அன்றாடமும், கல்யாண வீடுகளும் கந்தூரிகளும் பலருடைய பரணில்தான் இருக்கின்றன. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் பழைய தூக்குப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அது திறந்து மூடிய காட்சியை இனி எவரும் புதிதாகப் படம் எடுக்கப் போவதில்லை.

என்னிடம் அப்படி ஒரு படம் உண்டு. 1978இல் ஆர்வோ கருப்பு வெள்ளைப் பிலிமில், 35 மில்லிமீட்டர் கேமராவில், ஒரு வத்தையில் (சிறு படகில்) நின்று எடுத்தது. தூக்குப் பாலத்தின் இரு கைகளும் மேலே நிமிர்ந்திருக்க, நடுவே ஒரு தூத்துக்குடித் தோணி பாயை இறக்கிக்கொண்டு கடக்கிறது. அந்தக் காலத்தில் இருட்டறையில் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) வைத்து அதை 12க்கு 15 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருந்தேன். தோணியின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், பெயின்டில் எழுதியிருந்த பெயரை நின்றபடியே படிக்கலாம். அந்தப் பெயரில் ஒரு எழுத்து மூன்று சுழி ணகரம். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்த நெகட்டிவையும் சேர்த்து 62 நெகட்டிவ்களை வெளியூர்க் கடை ஒன்றில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. '6400 டிபிஐ சார், இதுக்கு மேல மெஷினே கிடையாது' என்றார்கள். பென்டிரைவில் வந்த கோப்புகள் ஒவ்வொன்றும் 300 எம்பிக்கு மேல். என் கணினி அவற்றைத் திறக்கவே மூச்சு வாங்கியது. திறந்து தோணியைப் பெரிதாக்கினால் அணியத்தில் ஏதோ எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ணகரம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டி. பாய்மரத்திலிருந்து இறங்கும் ஐந்து கயிறுகளில் இரண்டு ஒன்றாக ஒட்டியிருந்தன. மற்றவை நடுநடுவே எலி கடித்ததுபோல் துண்டு துண்டாக இருந்தன. பாலத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. நெகட்டிவ் கெட்டுப்போய்விட்டதோ என்ற பயத்தில் லூப்பை (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியை) எடுத்து வைத்துப் பார்த்தேன். கயிறுகள் ஐந்தும் இருந்தன. சுழிகள் மூன்றும் இருந்தன.

அன்று தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. மருமகனிடம் ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் (கண்ணாடித் தட்டின் மேல் தாளைப் பரப்பி எடுக்கும் வகை) இருந்தது. சென்னையில் உள்ள நண்பர் ஒருவர் 35 மில்லிமீட்டர் பிலிமுக்கென்றே செய்யப்பட்ட ஸ்கேனரை இரண்டு மாதம் இரவல் தந்தார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பக்கத்து ஊர்த் தம்பி தன் டிஜிட்டல் கேமராவையும், மிக அருகில் வைத்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே நெகட்டிவ், ஒரே துண்டு, எல்லாவற்றிலும்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். அதை 6400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 55 மெகாபிக்சல் வரும். அத்தனை பிக்சலும் வருகின்றன என்பது உண்மை. அத்தனை பிக்சலிலும் சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை அளக்க ஒரு வழி உண்டு. அமெரிக்க விமானப்படை 1951இல் வகுத்த ஒரு சோதனைத் தகடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மூன்று மூன்றாகக் கோடுகள், அளவில் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஸ்கேனரில் அதை வைத்து எடுத்து, எந்தப் படிவரை மூன்று கோடும் மூன்றாகவே தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் பிரித்துக் காட்டப்பட்ட கோட்டு இணைகளின் (ஒரு கோடும் அதை அடுத்த இடைவெளியும் ஓர் இணை) எண்ணிக்கையை 50.8ஆல் பெருக்கினால் அந்தக் கருவியின் உண்மையான டிபிஐ கிடைக்கும். 2006இல் வந்த எப்சன் வி700 பிளாட்பெட் ஸ்கேனருக்கு நிறுவனம் சொல்வது 6400. இந்தத் தகட்டை வைத்துச் சோதித்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 2300. அதைவிட விலை குறைந்த வி600க்கும் சொல்வது 6400தான். அளந்தால் 1500, 1600 அளவில் நிற்கிறது. பிளஸ்டெக் 8200ஐ என்ற 35 மில்லிமீட்டர் ஸ்கேனருக்குச் சொல்லப்படுவது 7200, அளந்து கிடைப்பது சுமார் 3250. நிக்கானின் கூல்ஸ்கேன் 5 இடி, 5000 இடி ஆகியவற்றுக்கு நிறுவனம் சொன்னதே 4000தான். அளந்தாலும் அதை ஒட்டியே வருகிறது.

6400 என்று எழுதிய பெட்டி 2300 தருகிறது. 4000 என்று எழுதிய பெட்டி ஏறக்குறைய 4000 தருகிறது. எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்ன கட்டுரையில் சிக்கல் இங்கேதான். 2300 டிபிஐ என்றால் 35 மில்லிமீட்டர் படத்துக்கு 7 மெகாபிக்சல் மட்டுமே. 55 மெகாபிக்சல் கோப்பில் அந்த ஏழைக் கழித்தால் மீதி 48 மெகாபிக்சலும் மாவில் தண்ணீர் விட்டுப் பெருக்கிய கணக்கு. என் பென்டிரைவில் இருந்த ஒவ்வொரு கோப்பிலும் எட்டில் ஏழு பங்கு இந்தத் தண்ணீர்தான்.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவிக்குள் இருக்கும் சென்சார் அங்குலத்துக்கு 6400 முறை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்வது மெய்தான். ஆனால் அந்தச் சென்சாருக்கு முன்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அந்த லென்ஸ் காட்டாத நுணுக்கத்தைச் சென்சார் எத்தனை முறை எண்ணினாலும் அது வராது. பிளாட்பெட் ஸ்கேனரின் லென்ஸ் பல அங்குல அகலத்தைப் பார்க்க வேண்டும். பிலிம் ஸ்கேனரின் லென்ஸ் ஒரு அங்குல அகலத்தைப் பார்த்தால் போதும். போதாததற்கு, பெரும்பாலான பிளாட்பெட்களில் போகஸ் நிலையாகப் பூட்டப்பட்டது. பிலிம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டரின் தயவு. வி700இன் ஹோல்டரில் உயரத்தை மாற்றச் சிறு கால்கள் வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? மருமகனின் கருவியிலும் அத்தகைய கால்கள் இருந்தன. அரை மில்லிமீட்டர் உயர்த்தியதும் தோணியின் கயிறுகள் நாலாகத் தெரிந்தன. அதற்கு முன் மூன்று. செலவு ஒரு காசுகூட இல்லை. பெயர் மட்டும் வரவில்லை.

சென்னை நண்பரின் ஸ்கேனரில் 4000 டிபிஐயில் எடுத்தபோது கயிறு ஐந்தும் வந்தன. ணகரத்தில் சுழி மூன்றும் வந்தன. கோப்பு 21 மெகாபிக்சல். கடைக்காரர் தந்ததில் பாதிகூட இல்லை. பிலிமின் கிரெயின், அதாவது படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள், பொடி மணலைத் தூவியதுபோல் மூலைக்கு மூலை தெரிந்தது. கிரெயினைக் கண்டு மிரள்பவர்கள் பலர். 'படம் புள்ளி புள்ளியா இருக்கே' என்பார்கள். இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் அடையாளம்: என்லார்ஜரில் போகஸ் வைக்கும்போது நாங்கள் முகத்தைப் பார்த்து வைக்க மாட்டோம், உருப்பெருக்கியில் கிரெயினைப் பார்த்துத்தான் வைப்போம். கிரெயின் தெளிந்துவிட்டால் பிலிமில் இருப்பது அத்தனையும் வந்துவிட்டது. ஸ்கேனில் கிரெயினே தெரியாமல் மழமழவென்று இருந்தால் ஒன்று போகஸ் தவறியிருக்க வேண்டும், அல்லது மென்பொருள் அதைத் தேய்த்திருக்க வேண்டும்.

அந்த ஸ்கேனரிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் போகஸ் ஆழம் மிகக் குறைவு. நெகட்டிவ் சற்றே வளைந்திருந்தாலும் நடுப்பகுதி கத்தி முனைபோலவும் ஓரங்கள் பஞ்சுபோலவும் வரும். இங்கே எந்த நெகட்டிவ் வளையாமல் இருக்கிறது? நாற்பது ஆண்டுக் காற்றிலும் ஈரத்திலும் ஓலைபோலச் சுருண்ட துண்டுகளை உறையிலிட்டு, கனத்த பைண்டு வால்யூம்களின் அடியில் இரண்டு வாரம் வைத்துத்தான் நான் எடுக்கிறேன். கண்ணாடிக்கு இடையில் வைத்து அழுத்தலாமே என்று தோன்றும். பிலிமின் வழுவழுப்பான பக்கம் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவதுபோல் நியூட்டன் வளையங்கள் விழும். அதற்கென்று சொரசொரப்பாக்கிய கண்ணாடி உண்டு. அதை வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஒளி. சில பிலிம் ஸ்கேனர்களின் எல்இடி வெளிச்சம் நேர்க்கோட்டில் பாய்வது. பழைய கண்டென்சர் என்லார்ஜர் போலத்தான்: கூர்மை தூக்கலாக இருக்கும், கூடவே ஒவ்வொரு கீறலும் தூசும் கைரேகையும் தூக்கலாக இருக்கும். பிளாட்பெட்டின் வெளிச்சம் பரவலானது. கீறல்களை ஓரளவு மறைத்துவிடும். வெள்ளி பிலிமில் நேர் வெளிச்சம் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிக் காட்டும். அதனால் இரண்டு ஸ்கேன்களைப் பக்கத்தில் வைத்து, கருமை அதிகமாக இருப்பதைக் கூர்மை அதிகம் என்று எடுத்துக்கொள்ளும் தவறு மிக எளிதாக நேர்கிறது. நானே ஒரு மாதம் அப்படி ஏமாந்தேன். கருப்பையும் வெள்ளையையும் இரண்டிலும் சமன்படுத்திய பிறகுதான் கண் உண்மையைச் சொல்லியது.

கயிறுகள் எலி கடித்ததுபோல் ஆன கதைக்கு வருகிறேன். அதற்கும் கூர்மைக்கும் சம்பந்தமில்லை. கடைக்காரர் தூசு நீக்கும் வசதியைப் போட்டுவிட்டார். டிஜிட்டல் ஐஸ் என்று பெயர். கருவி நெகட்டிவை வழக்கமான ஒளியில் ஒரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு முறையும் பார்க்கும். கலர் நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காமல் விட்டுவிடும். தூசும் கீறலும் தடுக்கும். எங்கே தடுக்கப்பட்டதோ அந்த இடத்தைச் சுற்றியுள்ளதைக் கொண்டு நிரப்பிவிடும். அருமையான யோசனை; கீழக்கரை வீடு ஒன்றின் 1980களைச் சேர்ந்த வளைகுடா நாட்டுக் கலர் நெகட்டிவ்களில் அது செய்த வேலையைப் பார்த்து நான் வாயடைத்துப்போனேன். ஆனால் கருப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். எனவே கருவிக்குத் தோணியும் தூசு, கயிறும் கீறல். அடித்துத் துடைத்துவிடும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து சுருளோ, ஆர்வோவோ, வேறு எந்த வெள்ளிப் பிலிமோ ஆனாலும் இதே கதிதான். கலர் ரசாயனத்தில் கழுவும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற ஓரிரண்டு கருப்பு வெள்ளைப் பிலிம்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் இறுதியில் மிஞ்சுவது சாயம். கடையில் கொடுப்பவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும், 'கருப்பு வெள்ளைக்கு ஐஸ் போடாதீங்க' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வெள்ளைக் கோடு மென்பொருளின் கைவரிசை. படம் மங்கலாக இருப்பதை மறைக்க ஷார்ப்பனிங்கை ஏற்றினால் விளிம்பின் இருபுறமும் கருப்பும் வெள்ளையுமாகக் கரை கட்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இல்லாத சுழியை அது கொண்டுவராது. ஒரு முறை கோப்பில் ஏறிவிட்ட அந்தக் கரையைப் பிறகு எடுக்கவும் முடியாது. ஒப்பிட விரும்புகிறவர் எல்லாக் கருவியிலும் ஷார்ப்பனிங்கையும் தூசு நீக்கியையும் அணைத்துவிட்டு, தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்து, பிறகுதான் பக்கத்தில் வைக்க வேண்டும். அளவை ஒன்றாக்கும்போதும் ஒரு சூட்சுமம் உண்டு: பெரிய படத்தைச் சிறியதன் அளவுக்குக் குறைத்தால் நல்ல கருவியின் நன்மை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சிறியதைப் பெரியதன் அளவுக்கு ஏற்றித்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு துண்டு, மூலையில் ஒரு துண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். சோதனைத் தகடு எல்லோருக்கும் கிடைக்காது. கடைப் பலகையோ படகின் பெயரோ தெரியும் ஒரு நெகட்டிவ் போதும். ணகரமும் னகரமும் பிரிகின்றனவா என்று பார்ப்பதைவிட நமக்கு வாய்த்த தகடு வேறு எது?

இவ்வளவையும் படித்துவிட்டு, பிளாட்பெட் ஸ்கேனரே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. 35 மில்லிமீட்டருக்குத்தான் அது பற்றாது. 1980கள்வரை இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் 120 ரோல் என்ற அகலமான பிலிம்தான் ஓடியது. அதில் ஒரு படம் 56 மில்லிமீட்டர் சதுரம். அதே 2300 டிபிஐ அங்கே 25 மெகாபிக்சல் தருகிறது. 16 அங்குலச் சதுரப் பிரிண்ட் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வரும். என் சித்தப்பா பாக்ஸ் கேமராவில் எடுத்த தனுஷ்கோடிப் படங்கள் சில என்னிடம் உள்ளன: ரயில் நிலையம், மணல், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கும் பயணிகள். அந்தக் கேமராவின் ஒற்றை லென்ஸ் தந்த கூர்மைக்கு மருமகனின் ஸ்கேனரே அதிகம். உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்கேனரில் வைத்தாலும் சித்தப்பாவின் கை நடுக்கத்தைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும். நெகட்டிவில் இருப்பதற்குத் தக்கபடி கருவி. அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

அதே தனுஷ்கோடிப் படங்களில் வேறொரு தொல்லை. உச்சி வெயிலில் வெள்ளை மணலும் வேட்டியும் நெகட்டிவில் அட்டைக்கரி போல் இருக்கின்றன. அந்த அடர்த்தியான இடத்தை ஊடுருவிப் பார்க்கும் திறன் குறைந்த கருவியில் மணல் வெறும் வெள்ளைத் தாளாகவோ, கலகலத்த புள்ளிக் கோலமாகவோ வருகிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு நெகட்டிவ்களில் இந்த அளவுக்கு வராது. ஸ்கேனரின் எக்ஸ்போஷரை இரண்டு படி கூட்டி ஒரு முறை எடுத்துப் பார்த்தால் பல சமயம் மணலில் காலடித் தடம் வந்துவிடுகிறது. எதையும் 8 பிட்டில் சேமிக்காமல் 16 பிட்டில் (அதிக ஒளிப்படிகளோடு) சேமித்தால் பிறகு திருத்தும்போது நிழல்கள் படிக்கட்டுபோல் உடையாது.

கேமராவில் எடுக்கும் முறையைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. வெளிச்சப் பலகையின் மேல் நெகட்டிவை வைத்து, மேலிருந்து மேக்ரோ லென்ஸில் அசல் அளவுக்கு எடுப்பது. 24 மெகாபிக்சல் கொண்ட முழுச் சட்டகக் கேமரா (சென்சார் 35 மில்லிமீட்டர் படத்தின் அளவே உள்ளது) என்றால் கணக்குப்படி 4200 டிபிஐ. வண்ணத்தைக் கேமரா ஊகித்து நிரப்புவதால் நடைமுறையில் சற்றுக் குறையும். பக்கத்து ஊர்த் தம்பி எடுத்ததில் சுழி மூன்றும் தெரிந்தன, ஆனால் இரண்டாவது முயற்சியில்தான். முதல் முறை கேமரா அரைப் பாகை சாய்ந்திருந்ததில் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிட்டது. நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரைக்கு நடுவே விழும்வரை சரிசெய்ததும் தீர்ந்தது. அபர்ச்சர் 8 அளவில், கையால் தொடாமல் டைமரில், அறை விளக்கை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஒரு ரோலை ஸ்கேனரில் எடுக்க அரை நாள் ஆகிறது என்றால் இதில் கால் மணி நேரம். கருப்பு வெள்ளைக்கு இதைவிட வசதியான வழி இன்று எனக்குத் தெரியவில்லை. கலர் நெகட்டிவில் மட்டும் அந்த ஆரஞ்சு நிற மூட்டத்தைக் கழித்து முகத்தின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது தலைவலி. அதற்கு ஸ்கேனரும் அதன் அகச்சிவப்பு வசதியுமே மேல்.

புதிதாக எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நிக்கான் 2010 வாக்கில் கூல்ஸ்கேன் தயாரிப்பைக் கைவிட்டது. 5400 டிபிஐ ஸ்கேனர் செய்த மினோல்டா, கோனிகாவோடு இணைந்தபின், 2006இல் போட்டோத் தொழிலையே விட்டு விலகியது. அவை இன்று பழைய சந்தையில் மட்டுமே கிடைக்கும்; நிக்கானின் சொந்த மென்பொருள் புதிய கணினிகளில் ஒழுங்காக ஓடாது என்பதால் வ்யூஸ்கேன் போன்ற வேறு ஸ்கேனர் மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும். பழைய கருவியின் உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசு படிந்திருந்தால் வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒளிவட்டம் பரவும். வாங்கும்முன் ஒரு நெகட்டிவைக் கொண்டுபோய் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. டிரம் ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் மேலானது என்பது அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. உருளையில் பிலிமை எண்ணெய் பூசி ஒட்டிச் சுழற்றி எடுப்பதால் வளைவும் இல்லை, கீறலும் நிரம்பிவிடும். ஒரு குடும்பத்தின் நூறு நெகட்டிவுக்கு அது தேவையில்லை.

இனி அந்த இரண்டாவது வரி. 2000களின் தொடக்கத்தில், ரோலைக் கழுவிப் பிரிண்ட் போடும்போதே ஒரு சிடியிலும் படத்தைப் பதிந்து தருவார்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்குப் போதுமான அளவு. அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சிடி வந்துவிட்டது என்று நெகட்டிவைக் குப்பையில் போட்ட குடும்பங்களை நான் அறிவேன். இன்று அவர்கள் மறைந்த தந்தையின் முகத்தைச் சட்டமிடும் அளவுக்குப் பெரிதாக்கித் தரச் சொல்லி வருகிறார்கள். என்னால் ஆவது ஒன்றுமில்லை. என் 62 நெகட்டிவ்களையும் கடையில் வாங்கிய கோப்பை நம்பி நான் எறிந்திருந்தால், தோணிக்குப் பெயர் இருந்ததற்கே சாட்சி இருந்திருக்காது. பூஞ்சை பிடித்திருந்தாலும் வைத்திருங்கள். தண்ணீரில் மட்டும் அலசாதீர்கள்; பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு வழிந்து போய்விடும். ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் நான் அப்படி ஒரு கல்யாணத்தையே தொட்டியில் கரைத்திருக்கிறேன். காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி இறுகும் டப்பாவில், வீட்டின் குளிர்ச்சியான அறையில் வைத்தால் போதும். காடி வாசனை வருவதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதச் சொல்லும்போது, கருவியின் பெட்டியில் உள்ள எண்ணோடு அளந்து கிடைத்த எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து கொடுக்கும் கடைகளும் தங்கள் பலகையில் டிபிஐயை எழுதும் இடத்தில் கருவியின் பெயரை எழுதட்டும். வாடிக்கையாளர் கேட்டால் ஷார்ப்பனிங் இல்லாத கோப்பைத் தரட்டும்.

இத்துடன் 8க்கு 12 அங்குலத்தில் இரண்டு பிரிண்ட்கள் இணைத்திருக்கிறேன். இரண்டும் அதே தோணியின் அணியப் பகுதி. ஒன்று கடைக்காரர் தந்த 55 மெகாபிக்சல் கோப்பிலிருந்து வெட்டியது, மற்றொன்று நண்பரின் ஸ்கேனரில் எடுத்த 21 மெகாபிக்சல் கோப்பிலிருந்து வெட்டியது. எது எது என்று பின்புறம் எழுதவில்லை. தோணியின் பெயரையும் இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்